மூலக்கடை நிறுத்தம்

இருபத்தாறு வருஷமாக
ஓடும் பேருந்தில் ஏறி டிக்கெட் கேட்பவன் நான்.
அதனால் டாக்டர் ஷெரீன் தாளில் வரைந்ததும்
சட்டென்று புரிந்துவிட்டது.
புரியாமல் இருந்திருக்கலாம்.

எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
ஜெனிட்டாவுக்கு ஒன்பது வயது.
மூன்று வாரமாகத் தண்ணீர் தண்ணீர் என்றாள்;
மே மாதம் அல்லவா, வெயில் என்று நினைத்தோம்.
கோயிலுக்குப் போகும் பாவாடையின் இடுப்பில்
லூர்து இரண்டு ஊக்கு குத்தினாள்.
பிறகு ஒரு விடியற்காலை
பிள்ளையின் மூச்சில் அழுகத் தொடங்கிய பழ வாசனை.

டாக்டர் வரைந்தது கணையம்.
அதில் சின்னச் சின்னத் தீவுகள்,
தீவுகளில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள்.
"ஒவ்வொரு செல்லும் தன் உள்ளே இருப்பதில் ஒரு துணுக்கை
வெளியே நீட்டிக் காட்டியபடி இருக்கும்.
டி செல் வந்து தொட்டுப் பார்க்கும்.
நம்ம ஆள் என்றால் நகர்ந்துவிடும்."
பாஸ், என்றேன்.
ஆமாம், பாஸ்தான், என்றார்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு பயிற்சிக் கூடமாம்.
சொந்த உடம்பின் மேல் பாய்கிறவனை
அங்கேயே முடித்துவிடுவார்களாம்.
நூறில் இரண்டு மூன்றுதான் உயிரோடு வெளியே வரும்.
அதிலும் எவனோ ஒருவன் தப்பித் தேறிவிடுகிறான்.
எனக்குக் குரோம்பேட்டையில் பத்து நாள் பயிற்சி.
முப்பது பேரும் பாஸ்.

ஏதோ ஒரு ரோந்து செல்
பீட்டாவின் சிதறலைப் பொறுக்கி
நிணநீர்க் கணுவுக்கு எடுத்துப் போய்
இவனைப் பார் என்று காட்டியிருக்கிறது.
வைரஸாக இருக்கலாம், வம்சமாக இருக்கலாம்,
முதல் சந்தேகம் எங்கே தொடங்கியது
என்று சொல்ல ஆளில்லை.
உதவி டி செல் கூவி ஆள் சேர்த்தது.
பி செல் ரசீதுப் புத்தகம் கிழிப்பதுபோல
ஆன்டிபாடிகளை எழுதித் தள்ளியது.
கொல்லும் டி செல் தீவுக்குள் இறங்கிச்
சுவரில் துளை போட்டது.
விடுப்பா, போகட்டும் என்று தோளைப் பிடித்து நிறுத்தும் செல்களும்
உண்டாம். அவை போதவில்லை.

இதுவரை தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.
"இதில் ஒரு கொடுமை" என்று பேனாவை மூடினார்.
"அடிபடுகிற பீட்டா செல்
பதற்றத்தில் பாஸை இன்னும் இன்னும் தூக்கிக் காட்டும்.
அதுவே அதைக் காட்டிக் கொடுக்கும்."

ஐம்பத்தேழாம் நம்பர் வண்டி. நவம்பர் மழை.
பின்படிக்கட்டருகே ஒரு பையன், எட்டாவது படிப்பான்.
நான் கேட்பதற்கு முன்பே
முகத்துக்கு நேரே நீட்டினான்.
கேட்காமல் காட்டுகிறவனை நம்பாதே:
எழுதி வைக்காத முதல் விதி எங்களுக்கு.
மை கரைந்து, போட்டோ இருந்த இடத்தில் ஊதா மேகம்.
சார், என்னோடதுதான் சார்.
சொல்லச் சொல்ல உயர்த்திப் பிடித்தான்.
மூலக்கடையில் இறக்கிவிட்டேன்.
போகலாம் என்று விசில் கொடுத்ததும் நான்தான்.

மூன்றாம் நாள் டெப்போவுக்குத் தலைமையாசிரியரின் கடிதம் வந்தது.
பாஸ் அசல். பையன் பெயர் குணாளன்.
செங்குன்றம் வரை நடந்தே போயிருக்கிறான்.
கடிதத்தைக் கோப்பில் வைத்தார்கள்.
எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் கெட்டவன் இல்லை டாக்டர் என்று
வாய்வரை வந்தது.
அவர் டி செல்லைப் பற்றி அல்லவா
பேசிக்கொண்டிருந்தார்.

மீதி எவ்வளவு இருக்கும் என்று மட்டும் கேட்டேன்.
பத்தில் ஒன்றோ இரண்டோ,
அதுவும் கொஞ்ச நாளைக்கு.
கொன்றவர்கள் போய்விடுவார்களா?
இல்லை. அடையாளத்தை மறக்காமல்
அங்கேதான் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது காலை ஐந்தே முக்கால்.
காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட்டபடி
ஊசியும் மீட்டருமாக வந்து உட்கார்கிறேன்.
நான் கேட்பதற்கு முன்பே
ஜெனிட்டா விரலை நீட்டுகிறாள்,
என் முகத்துக்கு நேரே.

இருநூற்றுப் பதினெட்டு.
இட்லி இரண்டா மூன்றா என்று
அடுப்படியிலிருந்து லூர்து கேட்கிறாள்.