காரணம்

மேலூர் ஸ்டேஷனில் ரைட்டர் நான்.
"கோழி வந்து நாத்தங்காலக் கிளறிருச்சு சார்,
கேக்கப்போன எடத்துல கைகலப்பாயிருச்சு"
என்கிறார் வெள்ளைக்கண்ணு.
பெரியாஸ்பத்திரியில் அடைக்கனுக்குப்
பதினாலு தையல்.
கம்மாய் மீன் ஏலம் வெள்ளிக்கிழமை.
அதை அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

மேசையில் ஐந்து கருவேலங்கம்புகள்.
வெட்டுவாய் கறுத்து
பிசின் கல்லாய் இறுகியிருக்கிறது.
மரத்தைவிட்டு இறங்கி மூணு நாளாவது இருக்கும்.
கோழி கிளறியது
இன்று காலை ஏழு மணிக்காம்.

சாட்சிக்குக் கோழியையும் தூக்கிவந்திருக்கிறார்கள்.
கால்கட்டோடு மூலையில் கிடந்து
லாக்கப் வாசலில் சிந்திய சோற்றையே
பார்த்துக்கொண்டிருக்கிறது.

'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்தேன்.
மூணு விரல் அகலம்.
ஏலம் அதற்குள் அடங்காது.
கோழி அடங்கும்.

நிறம் கேட்டு எழுதிக்கொண்டேன்:
செவலை.