சாம்பல் நிறம் வேண்டாம்

போவெட்ஸில் மூன்றாம் நாளாக மழை.
கொராஸ்டின் கடையில் ஜாக்கெட்டுகள்
ஈரம் என்றால் என்னவென்றே தெரியாமல்
வரிசையாகத் தொங்குகின்றன.

என் பழையது வாசலில் சொட்டிக்கொண்டிருக்கிறது.
பையின் வார் அழுத்தி அழுத்தித்
தோள்பட்டையில் உள்பூச்சு உரிந்துவிட்டது,
குளிர்காற்றில் வெடித்த உதடுபோல.
ஏழு குளிர்காலம் உழைத்தது.
அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

கொராஸ்ட் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சீட்டைப் படிக்கிறார்:
இருபதாயிரம் மில்லிமீட்டர்.
இருபது மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர்
இந்தத் துணிமேல் நின்றாலும் கசியாதாம்.
அவ்வளவு தண்ணீரை
யார் என் தலைமேல் நிறுத்தப்போகிறார்கள் என்றேன்.
வெளியே மழை சற்று வலுத்தது.

மழையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை.
அது சொல்லிவிட்டு வரும்.
என் கவலை என் தண்ணீர்.
பனிச்சறுக்குப் பலகையோடு ஆயிரம் மீட்டர் ஏறினால்
முதுகுத்தண்டில் ஓர் ஓடை பிறக்கும்.
அதற்கு வெளியேற வழி வேண்டும்.
இல்லையென்றால்
உச்சியில் ரொட்டி தின்னும் பத்து நிமிடத்துக்குள்
அதே ஓடை முதுகில் கத்தி வைக்கும்.
ஒரு சொட்டு மழை படாமலே
விறைத்துப் போகலாம்.

சுவாசிக்கும் துணி என்கிறார்கள்.
நுரையீரல் இல்லாத ஒன்று சுவாசிப்பதை
அரைமனதாகத்தான் நம்ப முடிகிறது.
அக்குளில் ஜிப் இருக்கிறதா?
இருக்கிறது, விலாவரை திறக்கிறது.
இதை நம்புகிறேன்.
புழுக்கத்துக்குக் கதவு தெரியும்.

ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.
அதன்மேல் முக்காட்டை இழுத்துத் தலையைத் திருப்பினேன்.
தலை திரும்பியது, முக்காடு திரும்பவில்லை.
ஒரு கண்ணில் கடை, ஒரு கண்ணில் துணி.
முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்பார்கள்;
நனையுமுன்பே பொருந்தாததை என்ன செய்ய?
அடுத்தது.
இரு கைகளையும் உயர்த்தி
இல்லாத பனிச்சுவரில்
இல்லாத கோடரியை அறைந்தேன்.
துணி மேலேறித் தொப்புள் தெரிந்தது.
காலுறை வாங்க வந்த ஜெர்மன் தம்பதி
கண்ணியமாகக் கூரையைப் பார்த்தார்கள்.

ஸ்வோனே சாம்பல் நிறத்தில் ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.
"இது உனக்கு எடுப்பா இருக்கும்.
ஊருக்குள்ளேயும் போட்டுக்கலாம்."
உண்மைதான். அழகான சாம்பல்.

எங்கள் மலை சுண்ணாம்புப் பாறை.
போன பிப்ரவரியில்
கானின் சரிவுக்குக் கீழே நான்கு மணிநேரம் தேடினோம்,
மீட்புக்குழுவில் நானும் அவனும்.
கால் ஒடிந்த மனிதர் ஓர் இடுக்கில் கிடந்தார்.
எங்களைப் பார்த்திருக்கிறார்.
இரண்டு முறை கையசைத்திருக்கிறார்,
சாம்பல் பாறையில் சாம்பல் கை.
நான் அவரை நேருக்கு நேர் பார்த்து
பாறை என்று கடந்துபோனேன்.

இருட்டும் நேரத்தில் நாய் கண்டுபிடித்தது.
நிறம் அதற்கு ஒரு பொருட்டில்லை.
பிழைத்துக்கொண்டார்.
ஈஸ்டருக்கு ஒரு புட்டி தேன் அனுப்பினார்.
அதை நான் இன்னும் திறக்கவில்லை.

ஸ்வோனே ஒன்றும் சொல்லாமல்
சாம்பலைத் திரும்பக் கொக்கியில் மாட்டினான்.

"ஆரஞ்சு ஒன்று இருக்கிறது, போன வருடத்துச் சரக்கு.
கண் கூசுகிறதென்று யாரும் தொடுவதில்லை."
விலை, என் மாத வாடகையைவிட நாற்பது யூரோ குறைவு.
ஆண்களுக்கான வெட்டு. ஜிப் மறுபக்கம்.
கை நீளம் ஒரு விரல் கூடுதல்;
நல்லதுதான், கையுறை உள்ளே போகும்.
ஹெல்மெட்டோடு முக்காடும் திரும்பியது.
"முதல் வருடம் தண்ணீர் முத்துமுத்தாய் உருளும்"
என்றார் கொராஸ்ட்.
"அப்புறம் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.
துவைக்கப் பயப்படாதே.
அழுக்கு ஏறினால் இதற்கு மூச்சுமுட்டும்."

சீட்டைக்கூட அறுக்காமல் மாட்டிக்கொண்டு
தேவாலயத் திருப்பம்வரை மழைக்குள் நடந்தேன்.
அங்கிருந்து கடை ஒரு மங்கலான சதுரம்.
ஸ்வோனே வாசலில் நிற்கிறானா, தூணா, தெரியவில்லை.
கையைத் தூக்கி அசைத்தேன்.
தெரிகிறேனா என்று கத்தினேன்.
மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது.

சற்றுப் பொறுத்து
தூணின் கை உயர்ந்தது.