இ) சீழ்க்கை அடிப்பேன்

பன்னிரண்டாம் கேள்வி நானே எழுதியது.
பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.
அவர்கள் முன்னால் நீ கடந்துபோக வேண்டும்.
என்ன செய்வாய்?
அ) ஓடுவேன்
ஆ) குனிந்து, வலக்கையைத் தாழ்த்தி, "தாபே" என்பேன்
இ) சீழ்க்கை அடிப்பேன்

மூன்றாவது, இடத்தை நிரப்ப வைத்தது.
மாவட்ட அலுவலகம் மூன்று விடை கேட்கிறது.

போனே கடற்கரை மதரஸாவில்
நாலாம் வகுப்புக்கு முப்பத்தொரு பேர்.
முப்பது பேர் குனிந்துவிட்டார்கள்.
தினூலு மட்டும் "இ"யைச் சுற்றி வட்டம் போட்டிருந்தான்,
பென்சில் முனை தாளைக் கிழித்து
அடுத்த பக்கத்திலும் ஒரு வட்டம் விழுந்திருந்தது.

போன வாரம்தான் பலகையில் எழுதியிருந்தேன்:
சிப்பகத்தாவு,
மனிதரை மனிதராக நடத்திக்கொள்வது.
பக்கத்திலேயே, ஐந்து மதிப்பெண் என்றும்.

ளுஹர் தொழுகை முடிந்ததும் கூப்பிட்டேன்.
குறும்பா இது?
"இல்லை இபு.
படகில் எல்லாரும் ஏற்கெனவே குனிந்துதான் இருப்பார்கள்.
காற்று நின்றுபோனால்
பெரியவர்கள் பாய்க்கடியில் உட்கார்ந்துவிடுவார்கள்.
அவர்களைத் தாண்டி அணியத்துக்குப் போய்
நான் சீழ்க்கை அடிக்கணும்.
போடா, உனக்குத்தான் பல் விழுந்திருக்கு
என்று அவர்களே சொல்வார்கள்."

இன்ஜின் இருக்கிறதே?

"டீசல் தீர்ந்துபோகும் இபு.
காற்று தீராது. தூங்கும்."

சிவப்புப் பேனாவை மூடாமலே
தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.
உஸ்தாத் சஹாருத்தீன் தாளை நீட்டிப் பிடித்துப் படித்தார்.
"கஅபாவின் அருகில் சீழ்க்கை அடித்தவர்கள் யார்?
உங்களுக்குத் தெரியாததா?
தப்பு என்றே போடுங்கள்.
காற்று அல்லாஹ்வின் கையில்."
கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.
மறுபடி துடைத்தார்.
"என் அப்பாவும் அடிப்பார்,"
ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்,
என்னிடம் இல்லை.

மறுநாள் தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது
பிள்ளைகள் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்து
யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள்.
கடைசி வரிசைக்குப் போக வேண்டும்.
கால் வைக்க இடமில்லை.
நான் கேட்காமலே என் முதுகு வளைந்தது.
வலக்கை முழங்காலுக்குக் கீழே இறங்கியது.
தாபே, தாபே என்றேன்,
ஒன்பது வயதுக்காரர்களிடம்.
யாரும் சிரிக்கவில்லை.
ஓதலை நிறுத்தாமல் ஒவ்வொருவராய் முழங்காலை இழுத்துக்கொள்ள
ஓரடி அகலத்தில் ஒரு வழி திறந்தது.

அதற்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது?

தினூலு தாளை வாங்கிப் பார்த்தான்.
பன்னிரண்டுக்கு எதிரே சரியும் இல்லை, தப்பும் இல்லை.
"மறந்துட்டீங்களா இபு?"
யோசிக்கிறேன் என்றேன்.
சரி என்று தலையாட்டிவிட்டு
தாளை மடித்துப் படகாக்கத் தொடங்கினான்.
அதையும் தடுக்கவில்லை.

மூன்று நாளாய்க் கொடி கம்பத்தோடு ஒட்டிக் கிடக்கிறது.
போன படகுகள் ஐந்தில் இரண்டு திரும்பவில்லை.
ஒன்றில் அவன் அப்பா.
டீசல் எவ்வளவு எடுத்துப் போனார்கள் என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.

மஃரிபுக்குச் சற்று முன்
படகுத்துறையில், காலி ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால்,
ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு
உதட்டைக் குவித்தேன்.
வெறும் மூச்சுதான் வந்தது.
மறுபடி குவித்தேன். மூச்சுதான்.

என்ன செய்ய,
எனக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது.