எழுபத்தொன்பதாம் விளக்கு

நூற்றுப் பன்னிரண்டு விளக்குகள்.
எண்ணிப் பார்க்கத் தேவையில்லை எனக்கு,
ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை ஏணி ஏறியவன்.
டோரு நதியோரம், ஒயின் பீப்பாய்கள் அடுக்கியிருந்த கிடங்கு.
இன்று கருங்கல் வளைவுகள், நீலச் சித்திர ஓடுகள்,
கண்ணாடியில் பாதி, தண்ணீரில் பாதியாய் நடுங்கும் போர்ட்டோ.
வேலை முடிந்து கம்பிச் சுருளோடு வெளியேறிய அன்றே
டெயோலிண்டாவிடம் சொல்லிவைத்தேன்:
ஒருநாள், முன்வாசல் வழியாக.

அந்த ஒருநாள் வரப் பதினான்கு மாதம் பிடித்தது.
எனக்குத் தம்பியின் கோட்டு, கை கொஞ்சம் நீளம்.
அவள் காதில் முத்து.
விரல்களில் மட்டும் ஆஸ்பத்திரிச் சோப்பு வாசனை,
அது கழுவினால் போகாது, கழுவக் கழுவத்தான் வரும்.
முந்நூற்று நாற்பது நோயாளிகளுக்கு
தினமும் உப்பில்லாமல் சமைக்கிறவள்.

நாற்காலியை இழுத்துவிட ஒருவன்,
மடியில் துணி விரிக்க இன்னொருவன்.
மெனு அட்டையைப் படிக்கத் தனியாக ஒரு படிப்பு வேண்டும்.
'கடலின் நினைவு' என்று ஒரு வரி.
விசாரித்தால், சூப்.
ஆறிப்போயிருந்தது.
கடல் ஆறித்தானே இருக்கும் என்றாள்.

பிறகு வந்தது காட் மீன் கருவாடு.
தட்டு சைக்கிள் சக்கரம் அளவு,
நட்டநடுவில் தீப்பெட்டி அளவு மீன், மேலே பச்சை நுரை.
பொன்னாக மின்னியது.
மின்னத்தான் செய்யும்.
இரண்டாயிரத்து எழுநூறு கெல்வின், முப்பத்தெட்டு டிகிரி சாய்வு,
பல் போன சிரிப்பும் அழகாய்த் தெரிகிற வெளிச்சம்,
மூன்று இரவு கண்விழித்து நான் சரிசெய்தது.

வாயில் வைத்தேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம்,
இவ்வளவு உப்பிட்டவரை
செத்தபிறகும் மறக்க முடியாது.
நடுவில் நார். ஓரத்தில் ரப்பர்.
ஜன்னலைப் பார்த்தேன், ஜன்னல் நன்றாக இருந்தது.
ஒரு படகு போனது, அதுவும் நன்றாக இருந்தது.

அவள் மெதுவாக மென்றாள்,
ருசி பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவளைப்போல.
"மூணு நாள் ஊறணும். இது ஒரு ராத்திரி.
அதுலயும் தண்ணி மாத்தலை."
அவ்வளவுதான் சொன்னாள்.
விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை வருமென்று
சூப்பிலிருந்தே காத்திருந்தேன் நான்.

அப்போதுதான் எங்கள் தலைக்கு நேர் மேலே
எழுபத்தொன்பதாவது சிமிட்டியது.
அணைந்தது. வந்தது. அணைந்தது.
கன்னத்தில் அறைபட்டவன்போல் எழுந்தேன்,
தம்பியின் கோட்டுப் பையில் என் கை
ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டிருந்தது.
முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.
"உக்காரு. இன்னிக்கு நீ விருந்தாளி."

"எல்லாம் எப்படி இருந்தது?" பணியாள் கேட்டான்,
பதினெட்டு வயதிருக்கும், நெற்றியெல்லாம் வியர்வை.
பிரமாதம் என்றோம் இருவரும், ஒரே மூச்சில்,
கல்யாணப் பதிவாளர் முன்னால்கூட
இவ்வளவு சேர்ந்து சொன்னதில்லை.
கேட்காமல் வைத்த ஒலிவக் காய்க்கு நாலரை யூரோ,
மொத்தம் தொண்ணூற்றாறு.
அவள் உதடு எதையோ வகுத்துக்கொண்டிருந்தது.
எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று நான் கேட்கவில்லை.

பாலத்தின் மேல்தட்டில் காற்று.
மெட்ரோ எங்களை உரசிக்கொண்டு போனது.
ஒரே பாட்டில் தண்ணீரை மாற்றி மாற்றிக் குடித்தபடி நடந்தோம்.
நடுப்பாலத்தில் நின்று சொன்னாள்:
"அந்த விளக்கு அணையறப்பல்லாம்
மீனோட நெஜ நெறம் தெரிஞ்சுது, ஃபெலிஸ்பெர்த்து.
சாம்பல்.
நீ போட்ட வெளிச்சம் மட்டும் இருந்திருந்தா
மன்னிச்சிருப்பேன்."

பாராட்டா அது?
பின்னால், கரையில், கிடங்கின் ஜன்னல்கள்
பொன்னாக எரிந்துகொண்டிருந்தன.
இவ்வளவு தூரத்திலிருந்து
எழுபத்தொன்பதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.
காலையில் ஃபோன் வரும். பின்வாசலில் வேன் நிறுத்தச் சொல்வார்கள்.
போகலாமா என்று யோசித்தேன்.
பாட்டிலில் மிச்சமிருந்ததைக் குடித்தேன்.
தாகம் அடங்கவில்லை.