மூன்றாம் வரிசை

ஓல்டன்பர்க் சாலையில் இரவு இரண்டு மணி.
பன்றி லாரிக்குப் பின்னால்
பட்டாணி லாரி நிற்கிறது,
கத்தாமல்.

வீப்கேயை மூன்றாம் வரிசைக்கு மாற்றிவிட்டார்கள்.
பத்தொன்பது வருடம் தோள்பட்டை எலும்பு பிரித்தவள்.
இரும்புவலைக் கையுறையை
ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

இங்கும் அதே அரவை இயந்திரம்தான்.
மாவு விழுகிறது பழுப்பாக,
ஈரச் சாக்கு வாடையோடு.
பீட்ரூட் சாறு ஊற்றியதும் சிவக்கிறது
திட்டு வாங்கிய பிள்ளையின் காதுபோல.

'இன்னும் கொஞ்சம் ரத்தம்' என்றார்
ருசி பார்க்க வந்த அதிகாரி.
பிறகு, 'ரத்தம் மாதிரி' என்று
திருத்திக்கொண்டார்.

முதலாளிக்கு மனம் மாறிவிட்டதா என்று
கேன்டீனில் பேச்சு.
மனமா, சந்தை மாறிவிட்டது என்றான்
ருமேனியாக்காரன் டோரினெல்,
பன்றிக்கறி வைத்த ரொட்டியைக் கடித்தபடி.

மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு.
கத்தி தீட்ட நாளுக்கு ஏழு நிமிடம்
தனிக்கூலி உண்டு அவளுக்கு.
அந்த வரியைக் காணோம்.

பட்டாணிக்கு எலும்பில்லையே
என்றது அலுவலகம்.

வீட்டில்
வெங்காயம் நறுக்க எடுத்த கத்தியை
ஏழு நிமிடம் தீட்டினாள்,
கடிகாரம் பார்த்து.