அரைப்பேர்

இடது பக்கம் திரும்பிப் படுங்கள் என்றேன்.
பவளக்கொடி, நாற்பத்தாறு வயது,
சேரம்பாடியில் கொழுந்து எடுப்பவள்.
ஜெல் பட்டதும் சிரித்தாள்:
"அட்டை ஏறாம சவக்காரம் பூசுற மாதிரி இருக்கு."

வாரம் ஒருநாள்தான் கூடலூருக்கு வருகிறது இந்த மிஷின்.
மழைக்குக் கரண்டு போய்ப் போய் வர,
ஒவ்வொரு முறையும் புதிதாய் விழித்துத்
தேதியைத் தப்பாகச் சொல்லும்.

சீட்டில் எழுதியிருந்தது:
பிரஷர், ஏழு வருடம். நீர் பிரிய மாத்திரை. ஏற்றத்தில் மயக்கம்.
எழுதாததை அவள் சொன்னாள்.
நிறுவைக்கு மூட்டையோடு மேலேறும்போது
கண்ணில் பூச்சி பறக்கும்.
குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால் தெளியும்.
செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தவளை
ஒளிந்திருக்கிறாள் என்று
சூப்பர்வைசர் அரைப்பேர் போட்டார்.
மார்கழியில் மட்டும் ஒன்பது.

நடுச்சுவர் இருபத்தொரு மில்லிமீட்டர்.
மறுபடி அளந்தேன். இருபத்தொன்று.
இவ்வளவு பலமான இதயத்தை
அந்த வாரம் வேறு யாரிடமும் பார்க்கவில்லை.
பலம் வளர்ந்து வளர்ந்து
உள்ளே இடத்தைத் தின்றுவிட்டது.

இதயம் இறுகும்போது
மூடிக் கிடக்க வேண்டிய இதழ்
கிடக்கவில்லை.
ஓடையில் அலசும்போது கைநழுவிய முந்தானை
ஓட்டத்தோடு போவதுபோல முன்னால் எழுந்து
சுவரில் போய் ஒட்டுகிறது,
ரத்தம் வெளியேறும் அதே வாசலில், அதே நேரத்தில்.
அது விட்டு வந்த இடைவெளியில்
கொஞ்சம் ரத்தம் வந்த வழியே திரும்புகிறது.
கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே.
அதுவும் அரைப்பேர்தான்.

"என்ன அது ஆடுறது?"
இதழ். இலை என்றும் சொல்லலாம். இரண்டு இருக்கிறது.
"ரெண்டு இலையா? அப்ப மொட்டு?"

கோட்டுப் படத்தில்
சமமாய்ப் போக வேண்டிய இடத்தில் ஒரு மேடு.
அந்த மேட்டுக்கு நாங்கள் வைத்த பேர் சாம்.
கூடலூர் ஸ்டாண்டில் அதே பேரில்
மூன்று ஆட்டோக்காரர்கள் இருக்கிறார்கள்.

மூச்சைப் பிடித்து முக்குங்கள் என்றேன்.
"புள்ள பெக்குற மாதிரியா?"
அப்படித்தான்.
முப்பத்தெட்டில் நின்ற அழுத்தம்
எண்பத்தாறுக்கு ஏறியது.
அலை பிந்தி எழுந்து முனை கூர்ந்து வளைந்தது,
கவ்வாத்துக் கத்தி மாதிரி.

நீர் வற்றினால் அறை சுருங்கும்.
அறை சுருங்கினால் இதழுக்குச் சுவர் இன்னும் பக்கம்.
அந்த மாத்திரையை ஏழு வருடமாக
ஒருநாள்கூட அவள் தவறவிட்டதில்லை.
இதைச் சொல்ல வேண்டியது டாக்டர், நானில்லை.
நான் திரையைத் துடைத்தேன்.
அதில் தூசி இல்லை.

பிரஷரும் சுவரைத் தடிக்க வைக்கும்,
அப்போதும் சில நேரம் இதழ் இப்படி எழும்.
எது எதனால் என்று
திரை மட்டும் சொல்லிவிடாது.
அதனால் கேட்டேன்: கூடப்பிறந்தவங்க?
"தம்பி ஒருத்தன்.
கொழுந்து லாரிக்குப் பின்னால ஓடி ஏறுனான்.
ஏறி உக்காந்தான். எறங்கல.
இருபது வயசு. கருப்பு அடிச்சிருச்சின்னாங்க."
பிள்ளைங்க?
"ஒரு பையன். நெல்லியாளத்துல வாலிபால் ஆடுறான்."

மகனை அழைத்து வரவும் என்று எழுதி
அடிக்கோடு போட்டேன். பேனா தாளைக் கிழித்தது.

ஜெல்லைத் துடைத்துக்கொண்டே
அவள் கேட்டது நோயின் பேரை இல்லை.
"நான் ஒளியலைன்னு
சூப்பர்வைசருக்கு ஒரு சீட்டு தருவீங்களா?"
கையெழுத்துப் போட எனக்கு அதிகாரமில்லை.
படத்தை அச்செடுத்து
மேட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன்.
மழை படாமல் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.
அதற்குப் பக்கத்தில்தான் அந்த இதழும்.

அடுத்த புதன், கதவுக்கு வெளியே
உயரமான ஒரு பையன்
குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.
பெஞ்சில் இடம் இருந்தது.