மூன்றடி

ஆர்லோ ஹென்ஷாவின் வாரம்
வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும்.
சனியும் ஞாயிறும் மற்றவர்களுடையவை:
தொலைக்காட்சியில் வருகிறவர்கள்,
கார் நிறுத்துமிடத்தில் பெயர்ப்பலகை உள்ளவர்கள்.

பதினேழு ஆண்டுகள்.
நானூற்றுப் பன்னிரண்டு போட்டிகள்.
பாதிக்கு மேல், ஓர் அடி கூடிப்போய்
வெள்ளி மாலை வெளியேறியவை.
பழைய பியூக்கின் பின்னிருக்கையில்
மட்டைப்பையைப் படுக்கவைத்துக் கிளம்புவான்,
டல்சாவிலிருந்து மெம்பிஸ், மெம்பிஸிலிருந்து மோபில்.
மோட்டல் தொட்டியில் அலசிய காலுறைகள்
கார் ஹீட்டர் முன்னால் காயும்.
நனைந்த நாய் வாசம் என்பாள் மார்லிஸ்,
முதலில் சிரித்துக்கொண்டு,
பிறகு சிரிக்காமல்.

ஒருமுறை ஜெயித்தான், அதையும் சொல்ல வேண்டும்.
எழுபத்து நான்கு, பென்சகோலா,
மூன்று நாள் மழை.
முன்னால் நின்ற இருவரும் சேற்றில் வழுக்க
இவன் பெயர் மேலே போயிற்று.
ஒரு காசோலை, ஒரு கிண்ணம்,
விளம்பரக் கம்பெனி கொடுத்த படகு எஞ்சின்.
ஆர்லோவிடம் படகு இல்லை.
எஞ்சின் இன்னும் கராஜில் இருக்கிறது,
போர்வை போர்த்தி, யாரோ தூங்குவதுபோல.

எண்பத்தொன்று, அக்டோபர், கடைசிக் குழி.
உள்ளே தட்டிவிட்டால்
அடுத்த ஆண்டும் ஆட்டக்காரன்.
தூரத்துக்கும் அடி, ஆட்டத்துக்கும் அடி,
வாங்கினாலும் அடி.
மூன்றடியில் உலகத்தை அளந்தவன் ஒருவன் உண்டு.
ஆர்லோவுக்கு மிச்சமிருந்ததும் அதே மூன்றடி.
கை நடுங்கியது என்றார்கள்.
நடுங்கவில்லை.
கை தன்னுடையதில்லை என்று
அந்த ஒரு நொடி தோன்றியது, அவ்வளவுதான்.
பந்து குழியின் உதட்டைச் சுற்றிவந்து
வெளியே நின்றது.
தொப்பியைக் கழற்றினான். கைகுலுக்கினான்.
மார்லிஸுக்கு எந்தத் தொலைபேசியிலிருந்து பேசுவதென்று தேடினான்.

இப்போது ஒமாஹாவில்
கம்பளக் கடைக்கு அளவெடுக்கிறான்.
சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை.
வெர்னா கோலாச்செக்கின் கூடத்தில் முழந்தாளிட்டு,
கன்னம் தரையில் படக் குனிந்து,
ஒரு கண்ணை மூடி,
நெடுநேரம் பார்த்தான்.
"கிழக்கு மூலை இறங்கியிருக்கிறது."
"நாற்பது வருஷ வீடு, சமதளம்" என்றாள் அவள்.
மகனின் கோலிக்குண்டு ஒன்றை எடுத்து வைத்தாள்.
அது யோசித்தது.
பிறகு மெல்ல நகர்ந்து, வளைந்து,
சோபாவுக்கு அடியில் போயிற்று.

ஆர்லோ அதைப் பார்க்கவில்லை.
எழுதிக்கொண்டிருந்தான்:
பன்னிரண்டரைக்குப் பதினான்கு, பச்சை, குட்டை இழை.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
"விரிக்க நானே வருவேன்" என்றான்.
"சனிக்கிழமை."